வெள்ளை ஒயர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புல் அறுத்தேன். கொட்டகைக் கதவின் கீல் எண்ணெய் கேட்டுக் கத்துகிறது. கத்தட்டும்.

தபால் பெட்டியில் சர்ச் கடிதம். விறகுச் சனிக்கிழமை இந்த வருடம் செப்டம்பர் 27. மலையில் யார் மரம் அறுப்பது, யார் பிளப்பது, கீழே தனியாகவும் நோயாகவும் இருப்பவர்கள் வீட்டுக்கு யார் இறக்கிக் கொண்டுவருவது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இறக்குபவர்களில் முதல் பெயர் என்னுடையது. "ஹார்லன் வெஸ்ட்பி, பெரிய டிரெய்லர்." பட்டியல் எழுதிய ராய்ஸின் கோழிக் கிறுக்கல். என்னைக் கேட்கவே இல்லை. கேட்டால் மாட்டேன் என்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

சோல்வே படித்துவிட்டு மேசையில் வைத்தாள். "நீ போ. டெல்லா மாதிரி ஆளுங்களுக்கு விறகு வேணுமில்ல. நான் வரல."

அவ்வளவுதான். பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள், இடது கையால்.

முப்பத்தொரு விறகுச் சனிக்கிழமைகள் என் பெண்டாட்டியாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். முப்பத்தொன்றாவதில்தான் அவள் வலது மணிக்கட்டையும் தோள்பட்டை எலும்பையும் உடைத்தேன்.

உடைத்தேன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அந்தச் சொல்லை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதியே தீர்த்துவிடுகிறேன். பேச வராத ஆளுக்கு என்று இந்தக் குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

போன வருடம். மலை உச்சியில் இரண்டு அடுக்கு லார்ச் விறகு ஏற்றியாயிற்று. ஏழு மைல் இறக்கத்தின் தலைப்பில் நின்றோம். சோல்வே பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டிரெய்லர் பின் விளக்கு விட்டு விட்டு எரியுது. எர்த் சரியில்ல, ஹார்லன்."

தொலைபேசிக் கூட்டுறவில் இருபத்திரண்டு வருடம் கம்பி இணைத்தவள் சொல்கிறாள். நான் என்ன செய்தேன்? இறங்கிப் போய் விளக்கை முஷ்டியால் ஒரு குத்து குத்தினேன். எரிந்தது. "பாரு, எரியுது, போதும்" என்றேன்.

மூன்றாவது மைலில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. அதன் பிரேக்குக்குப் போகிற மின்சாரமும் அதே எர்த் வழியாகத்தானே திரும்ப வேண்டும். விளக்கு போனபோதே பிரேக்கும் போய்விட்டது. பிக்கப்பின் பிரேக் மட்டும் எவ்வளவு தாங்கும்? கருகி நாறியது. இடது பக்கம் ஆறு. வலது பக்கம் மலையோர வாய்க்கால். வாய்க்காலில் விட்டேன். டிரெய்லர் மடங்கி வந்து அவள் பக்கக் கதவில் இடித்தது.

ஊர் என்ன சொல்கிறது? "வேற எவனா இருந்தாலும் ஆத்துல போயிருப்பான். ஹார்லன் கெட்டிக்காரன்." ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறேன்.

இங்கே யாரும் டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயர் ஓட்டுவதில்லை. என் அப்பா ஓட்டவில்லை, ராய்ஸின் அப்பாவும் ஓட்டவில்லை. டிரெய்லர் சட்டம் இரும்பு, கொக்கி இரும்பு, கொக்கி உட்காரும் குண்டு இரும்பு, பிக்கப் இரும்பு. மின்சாரம் தானே வீடு திரும்பிக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம். அந்தக் குண்டு கிறீச்சிடக் கூடாதென்று அன்று காலை ஒரு கை கிரீஸ் வேறு அப்பியிருந்தேன். கீழே துரு, மேலே கிரீஸ். மின்சாரம் எங்கே போகும்?

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் இதுவரை ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை திட்டித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். "டிரெய்லருக்குப் பிரேக் எல்லாம் புதுசா போடறேன். ஒயரும் புதுசு."

"புதுசு பழசு இல்ல பிரச்சினை. நீ கட்டினதுல நான் உக்கார மாட்டேன்."

உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தட்டு முடிந்த பிறகு அவளே சொன்னாள்: "நான் கட்டினதுல உக்காருவேன்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் டிரெய்லரைத் தொட அவளை விட்டதில்லை. ரேடியோ, துணி துவைக்கும் இயந்திரம், பக்கத்து வீட்டுத் தொலைபேசி எல்லாம் அவள். சக்கரம் இருந்தால் நான். இந்தச் சட்டத்தைப் போட்டது யார்? நான்தான், வேறு யார்.

ஒரே சிக்கல், அவளால் இடுக்கியை இறுக்கிப் பிடிக்க முடியாது. "என் தலை, உன் கை" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாமான் வந்தது. பிரிக்க விடவில்லை. முதலில் பழைய ஒயர் எப்படி இருந்ததோ அப்படியே, விபத்துக்குப் பிறகு வாங்கிய பிக்கப்பில் டிரெய்லரை மாட்டச் சொன்னாள். மீட்டரை நீல ஒயரில் கோத்தாள். பிரேக் என்பது சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு காந்தம்தான். நீல ஒயரில் மின்சாரம் போனால் காந்தம் டிரம்மில் ஒட்டி, பிரேக் கட்டையைத் தள்ளும். இரண்டு காந்தத்துக்கும் சேர்த்து ஆறு ஆம்பியர் காட்ட வேண்டும்.

இரண்டு காட்டியது.

"டிரெய்லர் மூக்குல, கொக்கிக்கு மேல ஏறி மிதி" என்றாள். மிதித்தேன். நாலுக்குப் போனது. இறங்கினேன், பூஜ்யம்.

"இன்னொரு தடவ."

பூஜ்யம்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். "கரண்டுக்குப் போக வழி இருந்தாப் போதாது, ஹார்லன். திரும்பி வரவும் வழி வேணும். போனதுக்கு மட்டும் வழி வெச்சுட்டு எல்லாரும் நல்லா இருக்குன்னு இருக்கீங்க."

கொட்டகைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். தூசி என்றேன். ஆமாம், இந்த வருடம் தூசி அதிகம் என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சக்கர வேலை என் வேலை. காந்தமும் கட்டையும் பொருத்திய பழைய பிரேக் தட்டுகளைக் கழற்றி, புதியதை இரண்டு பக்கமும் பூட்டினேன். காலி அட்டைப் பெட்டிகளை எரிதொட்டியில் போட்டு எரித்தேன். நல்ல வெயில். நல்ல வேலை நாள்.

செப்டம்பர் 3, புதன்

ஒயர் போட்டோம். நீலம் போவதற்கு, வெள்ளை வருவதற்கு. ஏழு முனைப் பிளக்கிலிருந்து ஒவ்வொரு சக்கரம் வரைக்கும் இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். சட்டத்தில் திருகு போட்டு முடித்துவிடக் கூடாது, குண்டை நம்பவே கூடாது. இது அம்மணியின் உத்தரவு.

மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் மல்லாந்து டிரெய்லருக்கு அடியில். தோலை உரி, முறுக்கு, குழலுக்குள் விடு, நசுக்கு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் குனிந்து இடது கையால் ஒரு இழுப்பு. ஐந்தாவது கையோடு வந்துவிட்டது.

"இது என்ன?"

"இணைப்பு."

"இது இணைப்பு இல்ல, தொங்கட்டான். திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். இழுத்தாள். வரவில்லை. "இதுதான் இணைப்பு" என்று என் நெற்றியில் தட்டினாள். ஒரு வருடத்தில் அவளாக என்னைத் தொட்டது அது எத்தனையாவது தடவை? எண்ணவில்லை, ஆனால் அதிகம் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மீட்டர்: ஆறு. மூக்கில் ஏறிக் குதித்தேன். அப்போதும் ஆறு. கையில் நாலு கொப்புளம். சந்தோஷம்.

செப்டம்பர் 6, சனி

பிரேக் இறுக்கம் சரிசெய்தோம். தட்டின் பின்பக்கத் துவாரத்தில் வளைந்த கரண்டியை விட்டு, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைப் பல் பல்லாகத் தள்ள வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும்வரை தளர்த்த வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். சோல்வே டயரோடு காதை வைத்துக் கேட்டாள், தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் கேட்ட அதே காது. "வலது பக்கம் ரெண்டு பல் அதிகம்."

எண்ணிப் பார்த்தேன். இரண்டு பல் அதிகம்தான். ராட்சசி.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை பத்து மணி. சோல்வே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போயிருக்கிறாள், நாலு மணிக்குத்தான் வருவாள். நான் தனியாக டிரெய்லரைச் சரளைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.

இருபத்தைந்து மைல் வேகத்தில், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் பொருத்திய டிரெய்லர் பிரேக் பெட்டியின் நெம்புகோலைக் கையால் தள்ளினேன். டிரெய்லர் மட்டும் பிடிக்க வேண்டும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி தெரிய வேண்டும். தெரிந்தது, ஆனால் சோம்பேறித்தனமாக. பெட்டியில் பிரேக் விசையைக் கடைசிவரை ஏற்றினேன். அப்போதும் அதே சோம்பல். திரும்புவதற்காகப் பின்னால் எடுத்தபோது அனிச்சையாக நெம்புகோலைத் தொட்டேன். கப்பென்று பிடித்தது, சுவரில் மோதின மாதிரி.

முன்னால் போனால் சோம்பல், பின்னால் போனால் சுவர். என்ன எழவு இது?

ஒரு நிமிஷம், கடவுள் மன்னிக்கட்டும், அவள் ஒயர்தான் சரியில்லை என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் கூட வந்தது. மீட்டரை வைத்தேன். ஆறு. அசையவே இல்லை.

ஜாக்கி போட்டு டிரம்மைக் கழற்றினேன். இரண்டு பிரேக் கட்டையில் குட்டைக் கட்டை முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் போனேன், அங்கேயும் பின்பக்கம். இடதை வலதில் பூட்டியிருக்கிறேன், வலதை இடதில். எது எந்தப் பக்கம் என்று அட்டைப் பெட்டி மேல்தான் அச்சடித்திருந்தது. அதை நான் படித்தேனா? எரிதொட்டிதான் படித்தது.

கூடத்துப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பன்னிரண்டு. மாற்றிப் பூட்டலாம், ஆனால் அவள் இணைப்புகளை வெட்டித்தான் ஆக வேண்டும். அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. இல்லையென்றால் இப்படியே விடலாம். பிடிக்கத்தானே செய்கிறது. விசையைக் கூட்டி வைத்தால், மெதுவாகப் போனால் — போதும்.

போதும். விளக்கைக் குத்திவிட்டு இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

நாலு மணிவரை உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

கார் நின்றதும் வாசலுக்கே போய்ச் சொன்னேன். "பிரேக் தட்டை இடம் மாத்திப் போட்டுட்டேன். இடதை வலதுல. பெட்டியைப் படிக்காம எரிச்சுட்டேன். உன் இணைப்பை வெட்டணும்."

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். மெதுவாக. "நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீயா வந்து சொல்றே."

"ஆமா."

"இது புதுசு."

பிறகு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு விளக்கு — சரியில்லன்னு எனக்குத் தெரியும் சோல்வே. நீ சொன்னதும் தெரியும். எல்லாரும் பின்னால காத்துக்கிட்டு இருந்தாங்க, பொண்டாட்டி சொல்லி இறங்கி ஒயரைப் பிரிக்கணுமான்னு ஒரு இது. அவ்வளவுதான். அந்த ஒரு இதுக்காக உன் கையை —"

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"டிரெய்லரைப் பாக்கக் கூடாதுன்னு ஒரு வருஷமா கொட்டகையைச் சுத்திக்கிட்டுப் போறே. நான் வேற என்ன கேக்கறது? உன் வாயாலே வரட்டும்னு இருந்தேன். ரொம்ப லேட்டாத்தான் வந்துது." அவள் குரல் உடைந்தது. கோபமாகவும் இருந்தாள். அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எப்படி எழுதுவேன்?

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கட்டிங் பிளேயரை எடு" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மாற்றிப் பூட்டியாயிற்று. பூட்டும் முன் இரண்டு பேரும் தட்டைக் கையில் வைத்து, குட்டைக் கட்டை எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொன்னோம். நாலு இணைப்பும் புதிது. நாலையும் இழுத்தாள்.

சரளைச் சாலையில் ஓட்டினேன். நெம்புகோலைத் தள்ளியதும் டிரெய்லர் சட்டையைப் பிடித்து இழுத்தது. புதுக் கட்டை படிய வேண்டுமென்று நாற்பதிலிருந்து இருபதுக்கு, முப்பது தடவை. சோல்வே வேலியோரம் நின்று பார்த்தாள், ஏறவில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து காப்பி. புதிதாகக் குடிவந்த ஒருவரிடம் ராய்ஸ் என் தோளில் கைபோட்டுச் சொல்கிறான்: "இவன்தாங்க, டிரெய்லரோட ஆத்துக்குப் போகாம வாய்க்கால்ல விட்டவன். கெட்டிக்காரன்!"

"கெட்டிக்காரன் இல்ல" என்றேன். "எர்த்தைக் குண்டு வழியா விட்டிருந்தேன். விளக்கு மினுக்குதுன்னு சோல்வே சொன்னா. நான் விளக்கைக் குத்திட்டு இறக்கத்துல இறங்கினேன். அதான் நடந்தது."

புதிதாக வந்தவர் ராய்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"யோவ்" என்றான் ராய்ஸ். "எல்லாரும் குண்டு வழியாத்தானேய்யா விட்டிருக்கோம்?"

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். ராய்ஸ் கையிலிருந்த எலுமிச்சைக் கேக்கைக் கடிக்காமல் தட்டில் வைத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தன் டிரெய்லர் மூக்கில் ஏறி மிதித்துக்கொண்டே பின் விளக்கை எட்டிப் பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு.

சோல்வே மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினாள்.

செப்டம்பர் 20, சனி

எங்கள் முற்றத்தில் ஏழு டிரெய்லர்! விறகு இறக்குபவர்கள் எல்லோரும். சோல்வே கம்பளித் தொப்பியும் மீட்டருமாக மடக்கு நாற்காலியில். ஒவ்வொருவராக வந்து மூக்கில் ஏறி மிதித்தார்கள், அவள் எண்ணைச் சொன்னாள். ராய்ஸுக்குப் பூஜ்யம் என்றபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. போன வாரம்தான் அதில் வைக்கோல் ஏற்றி இறக்கத்தில் வந்திருக்கிறான், பக்கத்தில் அவன் மகள்.

எல்லோருக்கும் வெள்ளை ஒயர். எல்லோருடைய இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள். ராய்ஸுடையது இரண்டு தடவை கையோடு வந்தது.

"பள்ளிக்கூடத்துல கூட என்னை இத்தனை தடவ திருப்பி எழுத வெக்கல" என்றான்.

"அதான் இப்படி இருக்கே. போடு."

டெல்லா தன் ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு காரில் வந்து ஹக்கிள்பெரிப் பழ அப்பம் இரண்டு இறக்கினாள். "என் அடுப்புக்கு விறகு கொண்டுவரப் போறவங்க உசுரோட வரட்டும்னுதான்" என்றாள். எல்லோரும் கையைத் துடைக்காமலே தின்றோம்.

இந்த வெயில், இந்த நாய்க் குரைப்பு, ஒயர் தோலாகச் சிதறிக் கிடக்கிற முற்றம், நடுவில் என் பெண்டாட்டி ஏழு ஆண்களை விரட்டிக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதே இல்லை. அன்றைக்கு இரண்டடி இடதுபக்கம் போயிருந்தால் இதில் ஒன்றும் இல்லை. நன்றி. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளைக்கு. அவளைக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. சமையலறையில் முட்டை சான்ட்விச் கட்டுகிறாள். எனக்கு எப்போதும் இரண்டு.

நாலு கட்டியிருக்கிறாள். இரண்டு ராய்ஸுக்காகவும் இருக்கலாம். அவனுக்கு முட்டை பிடிக்காது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை, உடம்பெல்லாம் வலி.

காலை ஆறரைக்கு நான் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மறுபக்கக் கதவு திறந்தது. பிளாஸ்க், சான்ட்விச், அப்புறம் அவள். "மூடு, குளிருது" என்றாள். நான் திறந்தே வைத்திருக்கவில்லை, இருந்தாலும் என் பக்கக் கதவைத் திறந்து திரும்ப மூடினேன்.

மேலே நாள் முழுக்க வேலை. அவள் இடது கையாலேயே சுள்ளி பொறுக்கினாள், பட்டியலைப் படித்தாள், ராய்ஸைத் திட்டினாள். மூன்று மணிக்கு எங்கள் டிரெய்லர் நிறைந்தது. லார்ச், இரண்டு அடுக்கு, போன வருடம் மாதிரியே.

இறக்கத்தின் தலைப்பில் நிறுத்தினேன். அவள் இறங்கிப் பின்னால் போனாள். "பிரேக்கை மிதி!" மிதித்தேன். "இடது! வலது!" நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் ஆறு வண்டி காத்திருந்தது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். "எரியுது" என்றாள்.

இரண்டாவது கியர். முதல் மைலில் அவள் கதவுப் பிடியைப் பற்றியிருந்தாள், அந்தச் சரியில்லாத கையால். டிரெய்லர் பின்னால் அடக்கமாக வந்தது, மிதித்த போதெல்லாம் தன் பங்கைத் தானே பிடித்துக்கொண்டது. மூன்றாவது மைலில் அந்த வாய்க்கால். புதிதாகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சாலையை மட்டும் பார்த்தேன். அதைக் கடந்த பிறகு, "தாண்டியாச்சு, சோல்வே" என்றேன்.

பதில் இல்லை.

கோபமா, பயமா, அழுகிறாளா? வளைவு முடிந்ததும்தான் திரும்பிப் பார்க்க முடிந்தது. தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை கதவுப் பிடியை விட்டு மடியில் விரிந்து கிடந்தது. தூங்கிவிட்டிருந்தாள்.

ரேடியோவை அணைத்தேன். மிச்ச நாலு மைலும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினேன். கண் மங்கியது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

டெல்லா வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் விழித்தாள். கன்னத்தில் ஜன்னல் விளிம்பின் கோடு. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இறக்கம் அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள்.